கடைசிக் கோட்டையை மாற்றுமுன்

சதுரங்கம் ஆடுவோரிடம் ஆட்டத்தில் எக்கட்டம் கடினமானது என்று கேட்டால், ஆரம்பம் என்பார் சிலர். நடு ஆட்டத்துச் சிக்கல் என்பார் வேறு சிலர். என்னைக் கேட்டால் வேறொரு விடை சொல்வேன். பலகையில் எஞ்சி நிற்கும் கடைசிக் கோட்டையை எதிரியின் கோட்டையோடு மாற்றிக்கொண்டு, அரசர்களும் காலாட்களும் மாத்திரம் நிற்கும் நிலைக்கு இறங்குவதா, இறங்காது விடுவதா என்று தீர்மானிக்கும் அந்த ஒரு கணமே மிகக் கடினமானது.

அத்தீர்மானத்துக்கு மீட்சி இல்லை. கோட்டைகள் நிற்கும்வரை ஒரு பிழையை மற்றொரு நகர்வினால் ஓரளவு மூடி மறைக்கலாம். காலாள் முடிவாட்டத்தில் அதற்கு இடமில்லை. அங்கே 'சற்று நல்ல நிலை' என்று ஒன்று கிடையாது. வெற்றி, அல்லது சமநிலை, அல்லது தோல்வி. மாற்றிய கோட்டை திரும்பி வருவதில்லை. நடந்த காலாள் பின்வாங்குவதில்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் உலகப் பட்டமே இத்தகைய ஒரு பரிமாற்றத்தினால் கைமாறிற்று. அதைப் பின்னர் சொல்வேன்.

இக்கட்டுரையில் நேர்கோட்டில் ஓடும் காயைக் கோட்டை என்றும், மூலைவிட்டமாக ஓடும் காயை மந்திரி என்றும் வழங்குகிறேன். இப்பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுவன. வாசகர் தமக்குப் பழகிய பெயரைக் கொள்க.

கணிதம் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு: "சேர், இந்தக் கடைசிப் பரிமாற்றத்தைக் கணினி எவ்வளவு திறமாகச் செய்கிறது?" அதற்கு விடை கூறப் புகுமுன், அப்பரிமாற்றத்தை நான் எவ்வளவு மோசமாகச் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஜாம் போத்தல் விளக்கடியில்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதொழிந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. வெற்று ஜாம் போத்தலொன்றினுள் சிறிது பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு, மெல்லிய திரியொன்றைக் கொளுத்தி, அந்தப் பொட்டு வெளிச்சத்தில் எங்கள் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. வானொலி கேட்க விரும்பியோர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தனர். எதையும் அளந்து செலவிடும் காலம் அது.

எங்கள் ஒழுங்கையில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரை யாவரும் மாஸ்டர் என்றே அழைப்போம். அவரிடம் வேப்பமரத்துச் சதுரங்கப் பலகை ஒன்று இருந்தது. காய்கள் சில தொலைந்துபோனமையால் கறுப்புக் காலாட்களில் இரண்டு புளியங்கொட்டைகளாக நின்றன. இரவில் படிப்பு முடிந்தபின், விளக்கில் எஞ்சிய எண்ணெய் தீரும்வரை ஓர் ஆட்டம் ஆடலாம் என்பது அவர் எனக்கு அளித்த சலுகை.

1992ஆம் ஆண்டில் ஓரிரவு, முதன்முறையாக அவரை வெல்லும் நிலைக்கு வந்தேன். பலகையில் எனக்கு ஓர் அரசன், ஒரு கோட்டை, ஒரு காலாள். அவருக்கு ஓர் அரசனும் ஒரு கோட்டையும் மாத்திரம். கோட்டைகள் ஒழிந்தால் என் காலாள் நடந்துபோய் அரசியாகிவிடும் என்று எண்ணி, காலாளை ஓரடி தள்ளிவிட்டு, அடுத்த முறையில் என் கோட்டையை அவருடைய கோட்டையின் பாதையில் கொண்டுபோய் வைத்தேன். மாஸ்டர் ஒரு கணமும் தாமதியாமல் வெட்டினார். அந்த விரைவே என்னை எச்சரித்திருக்க வேண்டும். என் அரசன் திருப்பி வெட்டினான். அவருடைய அரசன் ஓரடி முன்னே வந்து, என் அரசனுக்கு நேரெதிரே, நடுவில் ஒரு கட்டம் விட்டு நின்றான். என் காலாள் என் அரசனுக்கு ஓரடி பின்னால் நின்றது. நகர வேண்டியவன் நான்.

நான் இடப்பக்கம் விலகினேன். அவரும் அதே பக்கம் விலகி எதிரே நின்றார். வலப்பக்கம் போனேன், அவரும் வந்தார். காலாளைத் தள்ளினால் அதன் வழியிலேயே அவர் அரசன் நின்றான். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

"தம்பி, கோட்டையை மாற்றுமுன் நீர் எண்ணினீரோ, அல்லது வெல்லலாம் என்று எண்ணிக்கொண்டீரோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

நான் பேசவில்லை. அவர் காய்களைத் திரும்ப அடுக்கி, என் காலாளை ஒரு கட்டம் பின்னே வைத்தார். "இப்போது பாரும். கோட்டைகளை மாற்றும்முன் காலாளைத் தள்ளாமல் விட்டிருந்தால், இந்த நிலையில் அதை ஓரடி தள்ளியிருப்பீர். நகர வேண்டிய கடமை என் தலையில் விழும். நான் எந்தப் பக்கம் விலகினாலும் உம்முடைய அரசன் மறுபக்கத்தால் முன்னே புகுந்துவிடுவான். கையில் இருந்த ஓர் அடியைத் தேவையில்லாமல் செலவழித்துவிட்டீர்."

அவ்வளவுதான். எண்ணெய் தீர்ந்தது, விளக்கு அணைந்தது. எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் கணக்கிடுதல் என்றும் கருதுதல் என்றும் இரு பொருள் உண்டு. நடு ஆட்டத்தில் இவ்விரண்டும் சற்று விலகி நிற்கலாம். அரசனும் காலாளும் மாத்திரம் நிற்கும் பலகையில் கணக்கிடாத கருத்து வெறும் ஆசையே என்பதை அன்று கற்றேன்.

எண்ணிக்கையே அறிவாக இருந்த காலம்

கணினி எவ்வாறு சதுரங்கம் ஆடலாம் என்பதை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களுள் முதல்வர் அமெரிக்க அறிஞர் குளோட் ஷனன். 1950ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரையில் காய்களுக்குப் பெறுமதி குறிக்கப்பட்டிருந்தது: அரசிக்கு 9, கோட்டைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, காலாளுக்கு 1. இயந்திரம் சில அடிகள் முன்னோக்கிப் பார்க்கும். அங்கே இருபக்கத்துப் பெறுமதிகளையும் கூட்டிக் கழிக்கும். மிச்சம் அதிகமாக வரும் வழியைத் தெரிந்தெடுக்கும். ஆட்டத்தின் வெவ்வேறு கட்டங்களுக்கு வெவ்வேறு கொள்கைகள் வேண்டும் என்பதை ஷனன் அறிந்திருந்தார். எனினும் நெடுங்காலம் கணினிச் செய்நிரல்களின் அறிவு பெரும்பாலும் இந்தக் கூட்டல் கழித்தலாகவே இருந்தது.

இந்த அறிவோடு கடைசிக் கோட்டையை மாற்றினால் என்ன நிகழும்? என் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மாற்றுமுன் எனக்கு ஒரு காலாள் மிச்சம்; மாற்றியபின்னும் ஒரு காலாள் மிச்சம். கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு காலாள் ஓரிடத்தில் நின்றால் வெற்றி. ஒரு கட்டம் தள்ளி நின்றால் சமநிலை. அந்த வேறுபாடு கூட்டலில் தெரியாது. இறுதிவரை நடந்து பார்த்தால்தான் தெரியும். இயந்திரமோ தனக்கு விதித்த அடிகளின் எல்லையில் நின்றுவிடும். அவ்வெல்லைக்கு அப்பால் இருப்பது அதற்கு இல்லாததற்குச் சமம். இதனை 'அடிவான விளைவு' என்று பெயரிட்டு விளக்கியவர் ஹான்ஸ் பேர்லினர். அவர் கணினி அறிஞர் மாத்திரமல்லர், அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் உலக வெற்றிவீரராகவும் இருந்தவர்.

இதை நான் கண்ணாரக் கண்டதும் உண்டு. 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறந்தபோது, கொழும்பிலிருந்து வந்த நண்பரொருவர் மலிவான சதுரங்கக் குறுந்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. மாஸ்டரோடு ஆடிய அந்த நிலையை நினைவிலிருந்து எடுத்துக் கணினியில் அமைத்து, என் பக்கத்தை இயந்திரத்துக்குக் கொடுத்து, மாஸ்டரின் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். இயந்திரம் சிறிது நேரம் யோசித்தது. பின்பு நான் செய்தது போலவே கோட்டையைக் கொண்டுவந்து மாற்றியது. திரையின் ஓரத்தில் தனக்கு நல்ல மேம்பாடு என்று இலக்கம் காட்டியது. நான் எதிரே வந்து நின்றேன். அதன் அரசன் இடமும் வலமும் அலைந்தான். பல நகர்வுகளின் பின் அந்த இலக்கம் பூச்சியமாக இறங்கியது. பத்து வருடங்களுக்கு முன் நான் செய்த தவற்றை ஓர் இயந்திரமும் செய்யக் கண்டதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

குடியானவனின் ஆட்டம்

ஜேர்மன் மொழியில் காலாளுக்குக் குடியானவன் என்று பொருள்படும் சொல்லே வழங்குகிறது. கனடாவின் மொன்றியால் நகரில் மொன்றோ நியூபோர்ன் என்னும் பேராசிரியர் அரசரும் காலாட்களும் மட்டும் நிற்கும் நிலைகளுக்கென்றே எழுதிய செய்நிரலுக்கும் 'பெசன்ற்', அதாவது குடியானவன், என்பதே பெயர். அது பற்றிய அவருடைய கட்டுரை 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. காலாள் முடிவாட்டம் தனியாக ஆராயத்தக்க பயிர்நிலம் என்பதைக் கணினி அறிஞர்கள் உணர்ந்துவிட்டார்கள் என்பதற்கு அது சான்று.

அந்நாட்களில் இயந்திரங்களைச் சோதிக்க ஒரு நிலை பெரிதும் பயன்பட்டது. உலக வெற்றிவீரர் இமானுவேல் லாஸ்கரின் பெயரோடு 1901ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் அந்நிலை, ரூபன் பைன் 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவாட்ட நூலில் 70ஆவது எண்ணாக இடம்பெற்றது. வெள்ளைக்கு ஓர் அரசனும் நான்கு காலாட்களும். கறுப்புக்கு ஓர் அரசனும் மூன்று காலாட்களும். ஒரு காலாளும் நகர வழியின்றி ஒன்றையொன்று மறித்து நிற்கின்றன. நடமாடக்கூடியவர்கள் அரசர்கள் இருவர்தாம். வெள்ளை அரசன் பலகையின் மூலையிலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு ஓரடி வைப்பதே வெற்றிக்கு வழி. பார்ப்பவனுக்கு அது நோக்கமற்ற நடையாகத் தோன்றும். அதன் பயனாக ஒரு காலாள் கைக்கு வருவதற்கோ பத்துக்கு மேற்பட்ட நகர்வுகள் செல்லும்.

ஒவ்வொரு வழியையும் தனித்தனியே நடந்து பார்க்கும் இயந்திரத்துக்கு இது எட்டாத தூரம். ஆனால் ஓர் உண்மை உதவிக்கு வந்தது. அரசர்கள் இருவரும் எவ்வழியாகச் சுற்றி வந்தாலும், திரும்பத் திரும்ப அதே நிலைகளுக்கே வந்து சேர்கிறார்கள். நல்லூரிலிருந்து பருத்தித்துறைக்கு எந்த ஒழுங்கையால் போனாலும் வந்து சேரும் இடம் ஒன்றே அல்லவா? ஒருமுறை ஆராய்ந்த நிலையை ஒரு பேரேட்டில் குறித்து வைத்துக்கொண்டு, மறுமுறை வரும்போது ஏட்டைப் பார்த்து விடையை எடுத்தால், கோடிக்கணக்கான வழிகள் சில ஆயிரம் நிலைகளாகச் சுருங்கிவிடும். அவ்வாறு நினைவேடு வைத்துக்கொண்ட செய்நிரல்கள் அந்த 70ஆம் நிலையை எளிதில் அவிழ்த்தன. வேகம் மாத்திரம் சாதிக்க முடியாததை ஞாபகம் சாதித்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விரைந்து தேடுவதற்காகச் செய்நிரல்கள் ஒரு தந்திரத்தைக் கைக்கொண்டன: 'என் முறையை நான் சும்மா விட்டுவிட்டாலும் என் நிலை நன்றாக இருக்குமாயின், இவ்வழியை மேலும் ஆராய வேண்டியதில்லை' என்று கருதி அதனை ஒதுக்கிவிடுவது. நடு ஆட்டத்தில் இது பெரும்பாலும் சரி. அங்கே நகர்வது நன்மை. காலாள் முடிவாட்டத்திலோ நகர வேண்டியிருப்பதே பெரும்பாலும் கேடாகிறது. அன்றிரவு விளக்கடியில் எனக்கு நேர்ந்தது அதுதான். நகரும் கட்டாயத்தினால் வரும் இக்கேட்டை ஜேர்மன் மொழியில் 'சுக்ஸ்வாங்' என்பர். உலகெங்கும் அச்சொல்லே வழக்கு. ஆதலால் அரசனும் காலாட்களும் மட்டும் எஞ்சும்போது அத்தந்திரத்தைக் கைவிடும்படி செய்நிரலாளர்கள் தம் இயந்திரங்களுக்கு விதித்தார்கள். மாஸ்டர் எனக்குச் சொன்ன பாடத்தை அவர்கள் இயந்திரத்துக்குச் சொன்னார்கள் என்றே இதனை நான் கொள்கிறேன்.

பின்னிருந்து எழுதிய ஏடு

மூன்றாவதாக வந்தது எல்லாவற்றிலும் பெரிது. முன்னோக்கித் தேடுவதற்குப் பதிலாக முடிவிலிருந்து பின்னோக்கி வருவது. அரசன் சிக்கி ஆட்டம் முடிந்த நிலைகள் யாவற்றையும் முதலில் எழுதுக. அவற்றுக்கு ஓரடி முந்திய நிலைகளை அடுத்து எழுதுக. அதற்கும் முந்தியவற்றை அதன்பின் எழுதுக. இவ்வாறு எழுதி முடித்த அட்டவணையில் ஊகம் என்பது இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் வெற்றியா, சமநிலையா, தோல்வியா என்ற விடை குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த கென் தொம்சன் இத்துறையில் பெரும்பணி செய்தவர்.

அரசர் இருவரையும் சேர்த்து ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கான அட்டவணை, 2012ஆம் ஆண்டில் மொஸ்கோ பல்கலைக்கழகத்துப் பெருங்கணினியில் கணிக்கப்பட்டது. யாவரும் பயன்படுத்தத்தக்க வேறோர் அட்டவணை 2018ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதில் அடங்கிய நிலைகள் ஏறத்தாழ 423 இலட்சம் கோடி. சுருக்கி எழுதியும் அது 16 ரெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை நிரப்புகிறது. எட்டுக் காய்களுக்கான முழு அட்டவணை இன்னும் நிறைவுபெறவில்லை.

ஆகவே, இன்றைய செய்நிரலுக்குக் கடைசிப் பரிமாற்றம் என்பது, தேடிக் காண வேண்டிய காட்டிலிருந்து விடை எழுதிய ஏட்டுக்குள் நுழையும் வாசல். நமக்கு அது அச்சமூட்டும் கணம். அதற்கு அது வீடு திரும்பும் வழி. மனிதக் கண் நம்ப மறுக்கும் இடங்களிலும் அது இடறுவதில்லை. ரிச்சர்ட் ரெட்டி 1921ஆம் ஆண்டில் அமைத்த நிலையில் வெள்ளை அரசன் எதிரியின் காலாளை எட்டிப் பிடிக்க இரண்டு அடி பிந்தி நிற்கிறான். தன் காலாளைக் காக்கவும் தூரத்தில் நிற்கிறான். இரண்டும் முடியாதவை போல் தோன்றும். மூலைவிட்டமாக நடந்து இரண்டையும் ஒருங்கே அணுகி அவன் ஆட்டத்தைச் சமநிலையாக்குகிறான். முதன்முறை காணும் மாணவன் அதனை மாயம் என்பான். நான்கு காய்கள் மட்டும் நிற்கும் அந்நிலை இயந்திரத்துக்கு ஏட்டில் ஒரு வரி.

சிங்கப்பூரில் ஒன்பதும் ஏழும் ஐந்தும்

இனி முன்னே சொன்ன 2024ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு வருவோம். சீனாவின் டிங் லிரென் அப்போதைய உலக வெற்றிவீரர். அவரை எதிர்த்தவர் சென்னையைச் சேர்ந்த 18 வயது டி. குகேஷ். 13 ஆட்டங்களின் முடிவில் இருவருக்கும் ஆறரைப் புள்ளிகள். 14ஆவது ஆட்டமே கடைசி. அதில் 54 நகர்வுகள் சென்றபின் பலகையில் ஒன்பது காய்கள் நின்றன. டிங்குக்கு அரசன், கோட்டை, மந்திரி, ஒரு காலாள். குகேஷுக்கு அரசன், கோட்டை, மந்திரி, இரண்டு காலாட்கள். பொறுமையோடு காத்தால் டிங்குக்குச் சமநிலை உறுதி என்று செய்நிரல்கள் காட்டின.

55ஆவது நகர்வில் டிங் தம் கோட்டையைக் குகேஷின் கோட்டைக்கு எதிரே வைத்துப் பரிமாற்றம் கோரினார். ஆட்டத்தை எளிதாக்கிச் சமநிலையை எட்டிவிடலாம் என்பது அவர் கருத்தாயிருக்க வேண்டும். ஆனால் அவருடைய மந்திரி பலகையின் மூலையில் நின்றது. கோட்டைகள் ஒழிந்தவுடன் குகேஷ் தம் மந்திரியை அதே மூலைவிட்டத்தின் நடுவில் வைத்தால், மூலை மந்திரி தப்பியோட இடமில்லை. அதுவும் மாறியே தீரும். தாம் அதனை முதற்பார்வையில் கவனிக்கவில்லை என்று பின்னர் குகேஷே கூறினார். கவனித்தபின் தயங்கவில்லை. கோட்டையை வெட்டினார், மந்திரியை நடுவில் வைத்தார், மந்திரிகளும் மாறின. ஒன்பது ஏழாயிற்று, ஏழு ஐந்தாயிற்று. 58ஆவது நகர்வில் குகேஷின் அரசன், டிங்கின் அரசனுக்கு நேரெதிரே, நடுவில் ஒரு கட்டம் விட்டு நின்றான். நகர வேண்டியவர் டிங். அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். வரலாற்றில் மிக இளைய உலக வெற்றிவீரர் அவ்வாறு உருவானார்.

நடுவில் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்கும் அரசர்கள்! ஜாம் போத்தல் விளக்கடியில் நான் கண்ட அதே காட்சி. உலகப் பட்டத்தின் உச்சியிலும் கேள்வி ஒன்றே: நகர வேண்டியவன் யார்?

விறாந்தையில் ஒரு சோதனை

அந்த ஆட்டத்தை என் வீட்டு விறாந்தையில் மாணவர் நால்வரோடு கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பம். யாருக்கு மேம்பாடு என்பதைச் செய்நிரல் அதில் காட்டும். டிங் கோட்டையை வைத்தவுடன் கம்பம் ஒரேயடியாகக் கறுப்பாயிற்று. "வென்றாச்சு சேர்!" என்று சிறுவன் ஒருவன் துள்ளினான்.

"எப்படி?" என்று கேட்டேன்.

அவன் திரையைக் காட்டினான்.

ஆட்டம் முடிந்தபின் பலகையை எடுத்துவைத்து, அந்த இறுதி நிலையை அடுக்கினேன். எனக்கு அரசனும் ஒரு காலாளும்; அவனுக்கு அரசனும் இரண்டு காலாட்களும். "நான் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. வென்று காட்டு, தம்பி" என்றேன். நான் அரசனைப் பின்வாங்கினேன். அவன் எதிரிலே பாய்ந்து வந்தான். நான் அவனுக்கு நேராக வந்து நின்றேன். அவன் பொறுமையிழந்து காலாளைத் தள்ளினான், காலாட்கள் வெட்டுண்டன, அவனுக்கு ஒரு காலாள் எஞ்சியது. என் அரசன் அவன் அரசனுக்கு நேரெதிரே நின்றான். நகர வேண்டியவன் அவன். சமநிலை. உலக வெற்றிவீரரை உருவாக்கிய வெற்றிநிலையை ஐந்தே நிமிடத்தில் அவன் கைநழுவவிட்டான்.

அவன் முகம் வாடிற்று. நான் சிரிக்கவில்லை, 1992இல் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். காய்களைத் திரும்ப அடுக்கினேன். இம்முறை அவன் நேரே பாயாமல், பக்கவாட்டாக ஓரடி வைத்துப் பொறுத்தான். நான் எங்கே போனாலும் எனக்கு எதிரே நிற்கும் உரிமை அவன் கைக்கு வந்தது. பின்பு அவன் அரசன் என்னைச் சுற்றிவந்து என் காலாளைக் கைப்பற்றினான். இப்போது எந்தத் திரையையும் பாராமல், ஏன் வென்றான் என்பதை அவனே மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுத்தான்.

என் மாணவர்களுக்கு விடை

கணினி அப்பரிமாற்றத்தை எவ்வளவு திறமாகச் செய்கிறது என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஏழு காய்களுக்குள் இறங்கும் பரிமாற்றமாயின் அட்டவணையுடைய செய்நிரல் பிழை செய்வதில்லை. அதற்கு மேற்பட்ட காய்கள் நிற்குமாயின் அது தேடியே காண்கிறது. வழிகள் குறுகியிருக்கும் காலாள் முடிவாட்டத்தில் அது மிக ஆழமாகத் தேடவல்லது. எனினும் இருபக்கமும் காலாட்கள் நெருங்கி மறித்து நிற்கும் நிலைகளில், எல்லை வரை தேடி ஓர் இலக்கத்தைக் காட்டி, இன்னும் ஆழமாகப் போனபின் அதனைத் திருத்திக்கொள்வதும் உண்டு. முதலில் தோன்றும் இலக்கத்தை நம்பாது சிறிது காத்திருப்பதே விவேகம். மாஸ்டரோடு ஆடிய நிலையை இன்று கைத்தொலைபேசியில் வைத்தால், செய்நிரல் கோட்டையை மாற்றுவதில்லை. 2002இல் நான் அடைந்த மகிழ்ச்சி இனிக் கிடையாது.

ஆனால் அது தருவது விடை. காரணத்தை நாமே தேட வேண்டும். கணித ஆசிரியன் என்ற முறையில் இதனை நான் வேறிடத்திலும் காண்கிறேன். விடைநூலைப் பார்த்து எழுதிய கணக்கு சரியாகவே இருக்கும். பரீட்சை மண்டபத்தில் அந்நூல் கையில் இராது. சிங்கப்பூரில் குகேஷின் முன்னே கம்பமும் இல்லை, அட்டவணையும் இல்லை. தம் மூளையில் எண்ணியதே அவருக்கிருந்த ஏடு. அவர் தலைமுறையினர் செய்நிரல்களோடு பழகி வளர்ந்தவர்கள்தாம். அவற்றிடம் விடையைக் கேட்டபின் காரணத்தையும் தாமாக உழைத்து அறிந்தவர்களே பலகையின்முன் தனித்திருக்கும்போது நிலைக்கிறார்கள்.

ஆகவே மாணவர்களுக்கு நான் இட்டிருக்கும் விதி எளியது. கடைசிக் கோட்டையை மாற்றுமுன் கையை மடியில் வைத்துக்கொள். பரிமாற்றம் முடிந்தபின் அரசர்கள் எங்கே நிற்பார்கள் என்று பார். நகர வேண்டியவன் யார் என்று பார். உன் காலாளுக்குச் சேமித்த அடி ஒன்று உண்டா என்று பார். இம்மூன்றையும் தாளில் எழுதியபின் செய்நிரலைத் திற. உன் விடையும் அதன் விடையும் வேறுபட்டால், அந்த வேறுபாடே அன்றைய பாடம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, மாஸ்டரும் நடந்தார், நாங்களும் நடந்தோம். அதன்பின் அவரை நான் காணவில்லை. அவர் வீட்டு வேப்பமரப் பலகை என்னவாயிற்று என்பதும் தெரியாது. இன்று என் விறாந்தையில் மின்விளக்கு எரிகிறது, பலகையும் புதியது. கறுப்புக் காலாட்களில் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் புளியங்கொட்டைகளை வைத்திருக்கிறேன். காரணம் கேட்கும் மாணவனை இருத்தி, அந்த 1992ஆம் ஆண்டு நிலையை அடுக்கி, முதலில் அவனை எண்ணச் சொல்வேன்.